வெயில் பக்கத்துக் கதவு

அகற்ற வேண்டிய பொருட்களின் பட்டியலில் எங்கள் செருப்புகளையும் சேர்த்திருந்தார்கள். மரபுக் கட்டட அறிக்கையின் முப்பத்தோராம் பக்கம். "பின்னாளில் சேர்ந்தவை, அகற்றலாம்" என்ற தலைப்புக்குக் கீழே நான்கு படங்கள் இருந்தன. அறுந்து தொங்கும் மின்கம்பி, பிளாஸ்டிக் மழைநீர்ப் பீலி, புறா வலை, கடைசியாகக் கோயிலின் வடக்குக் கதவடியில் ஒரு குவியல் செருப்பு. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது ஓரத்தில் கிடந்த மண்ணிறச் சப்பாத்து என்னுடையது.

எனக்குக் கோபம் வருவதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை என்று என் கணவர் கிளின்ரன் சொல்லித் திரிவார். அன்றைக்குக் காரணம் இருந்தது.

ஓக்லாந்தின் எல்லர்ஸ்லியில் ஒரு சிறிய பொறியியல் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். பழைய கட்டடங்கள் நிலநடுக்கத்தைத் தாங்குமா என்று கணக்குப் பார்ப்பதும், தாங்காவிட்டால் எந்த இடத்தில் இரும்பு வைக்க வேண்டும் என்று வரைந்து கையெழுத்துப் போடுவதும் என் தொழில். அந்தக் கையெழுத்து இல்லாமல் நகரசபை ஒரு கல்லையும் அசைக்க விடாது. போன வருடம் அலுவலகத்துக்கு வந்த வேலைகளில் ஒன்று, நான் ஞாயிறுதோறும் போகிற அதே கிறிஸ்தவக் கோயில். முதல் நாளே என் மேலாளர் ரவிசங்கரிடம் அதைச் சொன்னேன். அவர் கோயில் கமிட்டிக்கு எழுதிக் கேட்டார். அதில் ஒரு சிக்கலும் இல்லை, இடம் தெரிந்தவர் பார்த்தால் நல்லதுதானே என்று மகிழ்ச்சியோடு பதில் வந்தது. அந்தப் பதிலை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பென்ரோஸ் கிடங்குகளைத் தாண்டி மேட்டில் ஏறினால் கோயிலின் கோபுரம் தெரியும். நூற்றைம்பது வருடங்களுக்கு முன்னால் இங்கிலாந்தின் வெதர்கோம்ப் என்ற ஊரிலிருந்து வந்தவர்கள் கட்டியது. அந்த ஊரில் எழுநூறு வருடப் பழமையான கோயில் ஒன்று உண்டு. அதேபோல இங்கேயும் வேண்டும் என்று அவர்களுக்கு ஆசை. அங்கிருந்து வரைபடங்களைக் கப்பலில் வரவழைத்தார்கள். அங்கே சிக்கிமுக்கிக் கல் என்றால் இங்கே எரிமலைக் கருங்கல். அங்கே ஓக் என்றால் இங்கே இந்த நாட்டுக் கவுரி மரம். மற்றபடி கூர்நுனி வளைவுகள், ஒடுங்கிய கோபுரப் படிக்கட்டு, நடுக்கூடத்தையும் பீடப்பகுதியையும் பிரிக்கிற பெரிய வளைவு, எல்லாம் அச்சு அசல்.

அச்சு அசல் என்றால் எவ்வளவு என்பது, லேசர் கருவியை வைத்து அளந்தபோதுதான் எனக்கு விளங்கியது. வெதர்கோம்பில் நடுக்கூடத்தை ஒரு நூற்றாண்டிலும் பீடப்பகுதியை அடுத்த நூற்றாண்டிலும் கட்டியிருக்கிறார்கள். இரண்டும் ஒரே கோட்டில் சந்திக்கவில்லை. பீடப்பகுதி இரண்டு பாகை வடக்கே திரும்பி நிற்கிறது. சிலுவையில் இயேசு தலை சாய்த்ததை நினைவூட்டத்தான் அப்படி என்று பக்தர்கள் சொல்வார்கள். அளவுக் கயிறு பிடித்தவருடைய பிழை என்று நான் சொல்வேன். இங்கே இரண்டையும் சேர்த்து இரண்டே வருடத்தில் கட்டி முடித்தார்கள். இங்கேயும் சரியாக அதே இரண்டு பாகைக் கோணல். ஆளில்லாத கோயிலில் தனியே நின்று வாய்விட்டுச் சிரித்தேன்.

இன்னொரு பிழை இருக்கிறது, அதற்குச் சிரிப்பு வராது. இங்கிலாந்தில் வெயில் தெற்கிலிருந்து வரும். ஆகவே தெற்குச் சுவரில் பெரிய ஜன்னல்கள், தெற்கில் முகப்பு மண்டபம், தெற்கில் பிரதான கதவு. வடக்கு குளிர்ப் பக்கம், அங்கே நான்கு சிறு கீற்று ஜன்னல்கள் போதும். ஓக்லாந்தில் வெயில் வடக்கே. வரைபடத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல மாற்றி வரைய யாருக்கும் தோன்றவில்லை. ஆகவே பெரிய ஜன்னல்கள் நூற்றைம்பது வருடமாகக் குளிர்காற்றைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. முகப்பு மண்டபத்தின் ஐந்து படிகளிலும் பாசி. காலை ஆராதனைக்கு வருகிறவர்கள் உள்ளேயும் கோட்டைக் கழற்றுவதில்லை. வெயில் படுகிற பக்கத்தில் நான்கு கீற்று ஜன்னல்களும் ஒரு கதவும் மட்டுமே இருக்கின்றன.

அந்தக் கதவுதான் எங்களுடையது. தொண்ணூறுகளில், யாழ்ப்பாணத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் வந்த பதினாறு குடும்பங்கள் தமிழில் ஆராதனை நடத்த இடம் கேட்டன. ஞாயிறு பின்னேரம் இரண்டு மணியையும் வடக்குக் கதவின் திறப்புச் சாவியையும் கொடுத்தார்கள். உடைந்த கதிரைகளை அடுக்கி மறைத்திருந்த கதவு அது. எங்கள் சபை வின்சென்ற் அங்கிளும் இன்னும் நாலைந்து பேரும் கதிரைகளை இழுத்துப் போட்டு, பிணைச்சல்களுக்கு எண்ணெய் விட்டு, ஒரு சனிக்கிழமை முழுவதும் போராடித் திறந்தார்களாம். நாங்கள் கோயிலுக்குள் செருப்போடு போகிற ஆட்கள் இல்லை. வெளியே கழற்றிவிட்டு வாசற்கல்லில் கால் வைத்தால் கல் சுடச்சுட இருக்கும். பின்கதவைத் தந்தவர்களுக்கு அதுதான் வெயில் பக்கம் என்று தெரியவில்லை. எங்களுக்கும் கால் வைத்தபோதுதான் தெரிந்தது.

இப்போது அந்தக் கதவைக் கல் வைத்து அடைக்கப் போகிறார்கள். கமிட்டித் தலைவர் ட்ரெவர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், எழுபத்துநாலு வயது. அவர் கெட்டவர் இல்லை. கோயிலைத் தன் பிள்ளையைப் போலப் பார்க்கிறவர், வெதர்கோம்புக்கும் ஒருமுறை போய் வந்தவர். கப்பலில் வந்த வரைபடத்தில் வடக்குச் சுவரில் இருப்பது கதவு அல்ல, அடைத்த கதவின் வெறும் தடம், இங்கே கட்டியவர் அதைக் கதவு என்று நினைத்துத் திறந்துவிட்டார், அந்தப் பிழையை இப்போது திருத்துகிறோம் என்று அவர் விளக்கினார். கோணல் பீடம் மரபாம். எங்கள் கதவு பிழையாம். ஒரே வரைபடத்தை வைத்துக்கொண்டு இப்படிக் கதைப்பதற்கு ஒரு துணிச்சல் வேண்டும்.

நாங்கள் தெற்கு மண்டபத்தால் வரலாம் என்றார். அந்த ஐந்து படிகளுக்கும் சாய்தளம் இரண்டாம் கட்ட வேலையில் வரும் என்றார். இரண்டாம் கட்டத்துக்குத் தேதி இல்லை. மண்டபத்தில் செருப்புக் குவிக்க முடியாது, எல்லோரையும் போலச் சப்பாத்தோடேயே உள்ளே வரலாமே என்று அன்பாகவும் சொன்னார். அந்த அன்புதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆனால் மரபுக் கட்டடத்தில் ஒரு கதவை நினைத்தபடி அடைக்க முடியாது. நிலநடுக்கப் பாதுகாப்புக்கு அது அவசியம் என்று பொறியியலாளர் எழுதித் தர வேண்டும். அந்தப் பொறியியலாளர் நான்.

ரவிசங்கர் கோயம்புத்தூர்க்காரர். என்னைப் போலவே அவருக்கும் ஒரு மோர்ட்கேஜ் இருக்கிறது. தன் அறைக் கதவைச் சாத்திவிட்டு என்னை உட்காரச் சொன்னார்.

"சுதர்ஷிகா, அவங்க கேக்குறது ஒரே ஒரு வார்த்தை. அவசியம்னு போட்டுக் குடுத்தா முடிஞ்சுது. கல்லு வச்சு அடைச்சா சுவர் பலமாத்தானே ஆகும்?"

"ஆகும். ஆனா அவசியமில்லை. கதவைச் சுத்தி உள்ளுக்கு ஒரு இரும்புச் சட்டம் வைச்சாலும் அதே பலம்தான். அவசியம் எண்டு நான் எழுதினால் அது பொய்."

வாடிக்கையாளர் கேட்பதைச் செய்து கொடுக்கத்தான் நாம் இருக்கிறோம் என்றார். நான் எழுத மாட்டேன் என்றேன். அப்படியானால் வேலையை வேறு அலுவலகத்துக்குக் கொண்டுபோவார்கள், என் மேல் முறைப்பாடும் போடலாம், அப்போது தன்னால் காப்பாற்ற முடியாது என்றார். போடட்டும் என்று எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டில் கிளின்ரன் வேறொரு யோசனை வைத்திருந்தார். "அடைச்சால் சுவர் விழும் எண்டு எழுதிவிடுமன். ஆர் போய்ப் பாக்கப்போகினம்?"

ரவிசங்கரிடம் வந்ததைவிட அதிகமான கோபம் எனக்கு அப்போது வந்தது. "பொய்யில நிக்கிற கதவு எங்களுக்கு எதுக்கு?" என்று கேட்டேன்.

எல்லாவற்றையும்விட மோசமான சிக்கலை உண்டாக்கியவர் ட்ரெவர் இல்லை. எங்கள் வின்சென்ற் அங்கிள். தமிழ்ச் சபையின் செயலாளர் அவர்தான். வேலை தொடங்குவதற்கு முன்பே கமிட்டி நாற்பது பக்கத் திட்டத்தை அவருக்கு அனுப்பி, தமிழ்ச் சபையின் கருத்தைக் கேட்டிருந்தது. அங்கிள் முதல் பக்கத்தைப் படித்தார். உடனே உட்கார்ந்து அழகான கையெழுத்தில் பதில் எழுதினார். கமிட்டி எந்த முடிவு எடுத்தாலும் தமிழ்ச் சபைக்கு முழுச் சம்மதம். மீள்திறப்பு விழாவுக்கு மதியச் சாப்பாடு எங்கள் பொறுப்பு. அடைக்கப்போகிற கதவு இருபத்திரண்டாம் பக்கத்தில் இருந்தது.

எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய பிழை அது. இடம் கொடுத்தவர் திட்டத்தை நீட்டினால் அதைத் திருப்பித் திருப்பிப் படிப்பதே ஒரு குறை சொல்வது போல என்று நினைத்துத்தான் நாங்கள் வளர்ந்திருக்கிறோம். கருத்துக் கேட்டால் நன்றி சொல்வோம். அதோடு புரியாணியும் அனுப்புவோம்.

பிளாட் புஷ்ஷில் உள்ள அவருடைய வீட்டுக்குப் போய் அந்த இருபத்திரண்டாம் பக்கத்தை மேசையில் விரித்து வைத்தேன். அங்கிள் கண்ணாடியைப் போட்டு வெகுநேரம் பார்த்தார். கடிதத்தைத் திரும்பப் பெறுங்கள் என்றேன்.

"பிள்ளை, அவையள் எங்களுக்கு இடம் தந்தவை. இப்ப எதிர்த்துக் கதைக்கிறது வடிவில்லை."

அவருடைய மனைவி அற்புதம் அன்ரி பக்கத்துக் கதிரையில் இருந்தார். இரண்டு முழங்கால் மூட்டும் மாற்றி, வோக்கரைப் பிடித்து நடக்கிறவர். வடக்குக் கதவுக்குப் படி இல்லை என்பதால்தான் ஞாயிறு தவறாமல் வருகிறார்.

"உங்களுக்குக் கால் இருக்குது, நீங்கள் ஏறிப் போவியள்," என்றார் அன்ரி. "நான் காருக்குள்ள இருந்து பாட்டுக் கேக்கிறதோ?"

அங்கிள் கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டார். கடிதத்தைத் திரும்பப் பெறுவதாக வாக்குத் தரவில்லை. எனக்கு அவர்மேல் வந்த எரிச்சலை மறைத்துக்கொண்டு தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தேன்.

அன்று மாலையே வெதர்கோம்ப் கோயிலுக்கு மின்னஞ்சல் எழுதினேன். உங்கள் வடக்குக் கதவு எப்போது அடைக்கப்பட்டது, ஏன் என்று மட்டும் கேட்டேன். மூன்றாம் நாள் அங்கே பொறுப்பாக இருக்கிற ஒரு பெண்மணி இரண்டு பக்கப் பதில் அனுப்பினார். பழைய காலத்தில் பெருநாள் ஊர்வலம் அந்தக் கதவால்தான் வெளியே போய்ச் சுற்றி வருமாம். பிறகு ஊர்வலத்தைத் தடை செய்தபோது கதவையும் அடைத்தார்களாம். ஆறு வருடங்களுக்கு முன்னால் கோயிலைப் புதுப்பித்தார்கள். கூரை ஓட்டையை அடைத்தார்கள், சுவருக்குப் பழையபடி சுண்ணாம்பு அடித்தார்கள், வடக்குக் கதவைத் திறந்தார்கள். சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு அந்தப் பக்கம்தான் நிலம் சமம் என்று எழுதியிருந்தார். படம் ஒன்றையும் இணைத்திருந்தார். கல் வளைவுக்குள் கண்ணாடிக் கதவு, வெள்ளைச் சுவர், உள்ளே ஒரு மூதாட்டி சக்கர நாற்காலியில். ட்ரெவர் அங்கே போனது அதற்கு முன்பு.

இங்கே குளிர்காலமான ஜூலை மாதத்து ஒரு சனிக்கிழமை காலை கோயிலுக்குள்ளேயே கூட்டம் நடந்தது. கமிட்டியில் பதினொரு பேர். தமிழ்ச் சபையிலிருந்து பதினான்கு பேர் போனோம், வாக்குப் போட உரிமை ஒருவருக்கும் இல்லை. வெளியே நல்ல வெயில் இருந்தும் உள்ளே மூச்சு புகையாக வந்தது. கமிட்டிக்காரர்கள் கோட்டோடு இருந்தார்கள். ரவிசங்கர் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார். வருவதாக அவர் சொல்லியிருக்கவில்லை.

நான் வெதர்கோம்ப் படத்தைத் திரையில் போட்டேன். ட்ரெவர் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய முகம் வாடியது எனக்குத் தெரிந்தது, ஒரு கணம் பாவமாகவும் இருந்தது. பிறகு அவர் நிமிர்ந்து, அது அந்த ஊரின் முடிவு, நாம் நம்முடைய வரைபடத்துக்குத்தான் கடமைப்பட்டவர்கள் என்றார். இன்னொரு விஷயமும் கேட்டார். நான் தமிழ்ச் சபையில் இருப்பதால் இதில் எனக்குச் சொந்த அக்கறை இருக்கிறதல்லவா?

"இருக்கிறது," என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "முதல் நாளே சொன்னேன், அலுவலகம் உங்களுக்கு எழுதிக் கேட்டது, நீங்கள் சந்தோஷப்பட்டுப் பதில் போட்டீர்கள். உங்களுக்கும் இந்தக் கோயிலில் சொந்த அக்கறை இருக்கிறது. அதை யாரும் உங்களிடம் குற்றமாகக் கேட்கவில்லை."

அவர் சிவந்துபோனார். சரி, ஆம் அல்லது இல்லை என்று சொல்லுங்கள், கதவை அடைத்தால் சுவர் நிற்குமா நிற்காதா என்றார்.

எங்கள் வரிசையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கிளின்ரன் தலையைக் குனிந்துகொண்டார். இல்லை என்ற ஒரு சொல் போதும், அந்த இடத்தில் என்னை மறுத்துச் சொல்லக்கூடியவர் ரவிசங்கர் ஒருவர்தான். அவர் வாய் திறந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

"நிற்கும்," என்றேன். "அடைத்தாலும் நிற்கும். அடைக்காமல் இரும்புச் சட்டம் வைத்தாலும் நிற்கும். கணக்கு இதோடு முடிந்துவிட்டது. மிச்சம் உங்கள் விருப்பம். அந்த விருப்பத்தை நிலநடுக்கத்தின் தலையில் கட்ட என் கையெழுத்தைக் கேட்காதீர்கள். நான் தரமாட்டேன். வேறு யாரிடமாவது வாங்குவீர்களானால், அவர் எழுதுவது பொய் என்று நகரசபைக்கு நானே எழுதுவேன்."

பின்வரிசையில் ரவிசங்கர் எழுந்தார். என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். கணக்கைத் தானும் சரிபார்த்ததாகவும், அலுவலகத்தின் நிலைப்பாடும் இதுதான் என்றும் சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார்.

ஆனால் ட்ரெவர் விடவில்லை. பொறியியல் ஒரு பக்கம் இருக்கட்டும், எல்லோரும் சேர்ந்து கேட்டால் நகரசபை சம்மதிக்கலாம், இது கோயில் மக்கள் முடிவு செய்ய வேண்டிய விஷயம், அதில் தமிழ்ச் சபையே எழுத்தில் சம்மதம் தந்திருக்கிறது என்றார். கோப்பிலிருந்து வின்சென்ற் அங்கிளின் கடிதத்தை எடுத்து முழுவதும் வாசித்தார். மதியச் சாப்பாடு வரைக்கும் வாசித்தார். பிறகு அங்கிளைப் பார்த்து, இது இன்னும் உங்கள் நிலைப்பாடுதானே என்று மரியாதையாகக் கேட்டார்.

நான் பட்ட பாடு எல்லாம் இவருடைய ஒரு தலையசைப்பில் போகப்போகிறது என்று நினைத்தேன். அங்கிள் எழும்பினார். கழுத்துப்பட்டி கட்டி, தலை வாரி, வழக்கம்போல மாப்பிள்ளை மாதிரி வந்திருந்தார். பக்கத்தில் அன்ரியின் வோக்கரை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு சொல்லாகத் தேடி ஆங்கிலத்தில் சொன்னார்.

"அது மரியாதைக்கு எழுதிய கடிதம். நீங்கள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டீர்கள். படிக்காமல் எழுதியது என் பிழை. இப்போது படித்துவிட்டேன். கடிதத்தைத் திரும்ப எடுக்கிறேன்."

ட்ரெவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அங்கிள் இன்னும் முடிக்கவில்லை.

"கதவை நீங்கள் அடைக்கலாம். எங்களுக்கு வாக்கு இல்லை. அடைத்த பிறகும் ஞாயிறு இரண்டு மணிக்கு நாங்கள் வருவோம். அந்தச் சுவருக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்று ஆராதனை நடத்துவோம். என் மனைவி முன்னால் இருப்பாள். அங்கே வெயில் இருக்கும். நீங்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு உள்ளே இருக்கலாம்."

அற்புதம் அன்ரி அண்ணாந்து அவரைப் பார்த்தார். ஐம்பது வருடத்தில் அந்த மனிதர் ஒருவரை எதிர்த்துச் சொல்லி அன்ரி கேட்டிருக்க மாட்டார்.

இது மிரட்டலா என்று ட்ரெவர் கேட்டார்.

"இல்லை," என்றார் அங்கிள். "ஆராதனை நேரத்தை அறிவிக்கிறேன்."

கமிட்டியில் ஒரு பெண் சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்தினார். இன்னும் பேச ஒன்றும் இல்லை என்று யாரோ சொல்ல, வாக்கெடுப்புக்குப் போனார்கள். கதவை அடைக்க வேண்டும் என்று நான்கு கைகள் உயர்ந்தன, முதல் கை ட்ரெவருடையது. இருக்கட்டும் என்று ஏழு கைகள். நான் இரண்டு தடவை எண்ணினேன். எங்கள் வரிசையில் யாரும் கை தட்டவில்லை, பழக்கமில்லை.

அங்கிள் மெதுவாக உட்கார்ந்தார். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது, அந்தக் குளிரில். என் பக்கம் சாய்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"பிள்ளை, நான் கதைச்ச இங்கிலீசு சரியோ?"

"சரி அங்கிள்," என்றேன். "எல்லாருக்கும் விளங்கிட்டுது."